கை எலும்பும் தகடும்

உழவருக்கும் நெசவாளருக்கும் முதற்பொருள் யாதெனில் கையே எனலாம். நிலம் குத்தகைக்குக் கிடைக்கும். தறி தவணையில் கிடைக்கும். நூல் சங்கத்தின் வாயிலாக வந்து சேரும். கையை மட்டும் எவரிடத்தும் கடனாகப் பெறுதல் இயலாது. இதனை நாம் யாவரும் அறிவோம். ஆயினும் கைக்கு ஊறு நேர்ந்த பின்னரே அதனை நினைக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். இன்று அங்கே சிப்காட் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. ஒரகடம் வரையிலும் தொழிற்கூடங்கள் பரவி நிற்கின்றன. சுற்றுவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும், காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் விடியற்காலையில் வண்டி ஏறி அங்கே வேலைக்குச் செல்கின்றனர். தந்தை சங்கத்தில் அங்கத்தினர். மகன் தொழிற்கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இதுவே இன்று பல குடும்பங்களின் நிலை.

சில திங்களுக்கு முன் நாம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, முதிய அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடன் வந்து காத்திருந்தார். இளைஞனின் வலக்கையில் கட்டுப் போடப்பட்டிருந்தது. பிள்ளைப்பாக்கத்தில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் பாரமான இரும்புப் பெட்டி சரிந்து புறங்கையின்மேல் விழுந்ததாம். நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் இரண்டும் முறிந்துவிட்டன. அறுவைச் சிகிச்சை செய்து, இரு எலும்புகளிலும் சிறு தகடுகளைத் திருகாணியிட்டுப் பொருத்தியிருந்தனர்.

முதியவர் சங்கத்தில் முன்பணம் கேட்டு மனு எழுதி வந்திருந்தார். மனுவை நம்மிடம் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “ஐயா, ஒரு சந்தேகம். எலும்பைத் தகடு வைத்து முடுக்கியாயிற்று. இனிமேல் கை முன்னைக் காட்டிலும் உறுதிதானே? பதினைந்து நாளில் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொல்லுகிறார். இவனை வேலைக்கு அனுப்பலாமா?”

“பெரியவரே, இது மருத்துவர் சொல்ல வேண்டிய விடை. விசாரித்துச் சொல்லுகிறோம், அதுவரையில் அனுப்பாதீர்கள்” என்று கூறி வந்தோம். பின்னர், கை அறுவைச் சிகிச்சையில் பழகிய மருத்துவர் ஒருவரைக் கண்டு கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகிறோம். இவ்வினா அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதே இதனை எழுதுவதற்குக் காரணம்.

இருபத்தேழு எலும்புகள்

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு 2 எலும்புகளும், மற்றைய நான்கு விரல்களுக்கும் மும்மூன்றும் அமைந்துள்ளன. விரல்களை மடக்கும் நாண்கள் உள்ளங்கைப் பக்கமாகவும், நிமிர்த்தும் நாண்கள் புறங்கைப் பக்கமாகவும் ஓடுகின்றன. மடக்கும் தசைகளே வலிமை மிக்கவை. மண்வெட்டியைப் பற்றவும், தறியில் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டவும் அவ்வலிமையே பயன்படுகிறது.

விரல் நுனியில் நாம் உணரும் பாரம் சிறிது. உள்ளே எலும்பு தாங்கும் பாரமோ பெரிது. நெம்புகோல் கணக்கினால் இது விளங்கும். விரல் நுனிக்கும் அதன் அடிமூட்டுக்கும் இடையே ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் தூரம் உண்டெனக் கொள்வோம். மடக்கும் நாண் அம்மூட்டின் அச்சிலிருந்து ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தள்ளியே செல்கிறது. ஆகவே நுனியில் 1 கிலோ எடையைத் தாங்குவதற்கு நாண் 8 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியதாகிறது. அவ்விழுப்பு முழுவதும் எலும்பின்மீதும் மூட்டின்மீதும் அழுத்தமாக விழுகின்றது. ஒரு தேநீர்க் கோப்பையைத் தூக்குவதுதானே என்று நாம் எண்ணும் செயலும் எலும்புக்குச் சிறு செயலன்று.

முறிந்த எலும்பு வளைவது ஏன்?

உள்ளங்கை எலும்பு நடுவில் முறிந்தால், விரலை ஒட்டிய துண்டை மடக்கும் தசைகள் உள்ளங்கைப் பக்கமாக இழுக்கின்றன. முறிந்த இடம் புறங்கையில் கூன்போல மேலெழும்புகிறது. அப்போது புறங்கைப் பக்கம் விரிந்து பிளக்கப் பார்க்கிறது. உள்ளங்கைப் பக்கம் நெருங்கி நசுங்கப் பார்க்கிறது.

மற்றொரு கேடும் உண்டு. துண்டு தன் அச்சில் சற்றே திரும்பிவிடலாம். கையை மெல்ல மடக்கினால் நான்கு விரல் நுனிகளும் கட்டைவிரலின் அடிப்பக்கத்தை நோக்கிச் சாய்வதே இயற்கை. உள்ளங்கை எலும்பு 5 பாகை திரும்பி ஒட்டிக்கொண்டால், மடக்கும்போது விரல் நுனி ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் விலகி அடுத்த விரலின்மேல் ஏறும் என்பது மருத்துவர் கணக்கு. அவ்வாறான கையால் இழை முடிவதும் களை பறிப்பதும் எவ்வளவு கடினம் என்பதை அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எல்லா முறிவுக்கும் தகடு வேண்டுமா?

வேண்டுவதில்லை. கை எலும்பு முறிவுகளில் பல, துண்டுகள் இடம்பெயராமல் ஒழுங்காக இருப்பவை. அவற்றைப் பட்டை வைத்துக் கட்டியோ, மாவுக்கட்டுப் போட்டோ, பக்கத்து விரலுடன் சேர்த்துக் கட்டியோ சில வாரங்களில் குணப்படுத்தலாம். உள்ளங்கை எலும்பு ஒன்று மட்டும் முறிந்தால், இரு பக்கத்து எலும்புகளும் இடையிலுள்ள தசைநார்களும் அதற்குத் துணை நிற்கும். இரண்டு மூன்று எலும்புகள் ஒருங்கே முறிந்தாலோ, விரல் திரும்பினாலோ, எலும்பு நொறுங்கினாலோ, மேல் தோலும் கிழிந்து காயம் ஆழமானாலோ, அத்துணை போய்விடுகிறது. தகட்டின் தேவை பெரும்பாலும் இத்தகைய முறிவுகளிலேதான் எழுகிறது.

அவ்வாறாயின் அவற்றையும் நீண்ட நாள் கட்டியே வைத்தால் என்ன என்று கேட்கலாம். கை எலும்பு ஒட்டுவது பெரிதன்று. கை அசைவதே பெரிது. அசையாமல் பல வாரம் கட்டி வைத்த விரலில், நாண்கள் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்கின்றன, மூட்டுகள் விறைத்துவிடுகின்றன. எலும்பு நன்றாக ஒட்டியும் விரல் மடங்காது போகும். பூட்டிக் கிடந்த வண்டியின் அச்சு துருவேறி இறுகுவது போன்றது இது.

ஆகவே தகடு வைப்பதன் நோக்கம் எலும்பை இரும்பாக்குவதன்று. எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும் காலத்திலேயே விரல்களை அசைக்கத்தக்க நிலையை உண்டாக்குவதே அதன் நோக்கம். முதியவரின் வினாவுக்கு விடையின் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

தகட்டின் கதை

எலும்பில் தகடு பொருத்தும் முறையை 1886-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹான்ஸ்மன் என்பவர் வெளியிட்டார். அவருடைய தகட்டின் ஒரு முனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னர் எளிதாகக் கழற்றுவதற்கே அந்த ஏற்பாடு. அவருக்குப் பின் பெல்ஜிய நாட்டு ஆல்பன் லாம்போட் இக்கலையை வளர்த்தார். அவர் வயலின் செய்வதிலும் வல்லவர். தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொண்ட கைவினைஞர்.

1958-இல் ஸ்விட்சர்லாந்தில் 13 அறுவைச் சிகிச்சை வல்லுநர்கள் கூடி ‘ஏ.ஓ.’ என்னும் குழுவை நிறுவினர். அவர்கள் வகுத்த நெறிகள் நான்கு: துண்டுகளை உரிய இடத்தில் சேர்த்தல், அசையாமல் பொருத்துதல், இரத்த ஓட்டத்தைக் காத்தல், விரைவில் அசைவைத் தொடங்குதல். பெரிய எலும்புகளுக்கென எழுந்த இம்முறை, நாளடைவில் மிகச் சிறிய தகடுகளும் திருகாணிகளும் செய்யப்பட்ட பின் கைக்கும் வந்தது.

புறங்கையில் வைப்பது ஏன்?

உள்ளங்கை எலும்பில் தகட்டைப் பெரும்பாலும் புறங்கைப் பக்கமாகவே வைக்கின்றனர். அங்கே எலும்பு தோலுக்கு அண்மையில் இருப்பது ஒரு காரணம். இயக்கவியல் காரணமும் உண்டு. வாழை குலைதள்ளிச் சாயும்போது, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்கிறோம் அல்லவா? எந்தப் பக்கம் விரியப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் பிடித்தால், சிறிய கயிறும் பெரிய பாரத்தைத் தாங்கும். முறிந்த எலும்பு விரியப் பார்ப்பது புறங்கைப் பக்கம். அங்கே தகட்டை வைத்தால், விரலை மடக்கும்போது எழும் விசையே உள்ளங்கைப் பக்கத்து எலும்பு விளிம்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. பாரத்தில் ஒரு பங்கை எலும்பும் ஏற்கிறது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளங்கைப் பக்கத்தில் எலும்பு விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அங்கே எலும்பு நொறுங்கி இடைவெளி விழுந்திருந்தால், பாரம் முழுவதும் தகட்டின்மீதே ஏறும். ஒவ்வொரு முறை மடக்கும்போதும் தகடு சற்றே வளைந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடுவதை அனைவரும் கண்டிருக்கிறோம். தகட்டின் கதியும் அதுவே.

கனமும் திருகாணியும்

தகடு எவ்வளவு வளையாமல் நிற்கும் என்பது அதன் கனத்தைப் பொறுத்தது. கனம் இரு மடங்கானால் வளையாமை எட்டு மடங்காகும். ஒன்றரை மடங்கானால் மூன்று மடங்குக்கும் மேலாகும். படுக்கவைத்த பலகை வளைவதையும், அதே பலகையைக் குத்துவாட்டில் நிறுத்தினால் வளையாதிருப்பதையும் பரண் கட்டியோர் அறிவர்.

அவ்வாறாயின் கனத்த தகட்டையே வைக்கலாமே எனில், அது இயலாது. புறங்கையில் தோல் மெல்லியது. விரலை நிமிர்த்தும் நாண்கள் தகட்டின்மேலேயே வழுக்கி ஓட வேண்டும். தகடு தடித்தால் நாண் உரசும்; ஒட்டிக்கொள்ளும்; சில வேளைகளில் அறுந்தும் போகும். விரல் எலும்பில் இத்தொல்லை இன்னும் மிகுதி. எனவே உறுதியும் வேண்டும், மென்மையும் வேண்டும் என்னும் இரண்டுக்கும் நடுவே மருத்துவர் தெரிந்தெடுக்க வேண்டியவராகிறார்.

திருகாணிகள் விரல் எலும்புக்கு 1.5 மில்லிமீட்டர் அளவிலும், உள்ளங்கை எலும்புக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் பயன்படுகின்றன. முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது இரண்டு திருகாணிகள், எலும்பின் மேற்புறச் சுவரையும் அடிப்புறச் சுவரையும் பற்றுமாறு செலுத்துவது நெடுநாள் வழக்கம். ஒரே திருகாணியானால் துண்டு அதனைச் சுற்றித் திரும்பிவிடும்; இரண்டானால் திரும்பாது. கதவுக் கீலை ஒற்றை ஆணியில் எவரும் நிறுத்துவதில்லை.

பழைய தகடுகள் எலும்பின்மீது இறுக்கி அழுத்தப்படுவதால் உறுதி பெற்றன. பிற்காலத்தில் வந்த பூட்டுத் தகடுகளில் திருகாணியின் தலையிலும் மரை உண்டு. அது தகட்டின் துளையில் உள்ள மரையில் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். தகடும் திருகாணிகளும் ஒரே சட்டம்போல் நிற்பதால் எலும்பின்மேல் இறுக்கி அழுத்த வேண்டுவதில்லை. முதுமையால் எலும்பு மெலிந்தவர்க்கும், எலும்பு நொறுங்கியவர்க்கும் இது பயன்படும்.

உலோகத்திலும் வேறுபாடு உண்டு. துருப்பிடிக்காத எஃகு மிக விறைப்பானது. டைட்டேனியம் அதில் ஏறத்தாழப் பாதி விறைப்பே உடையது. ஆயினும் எலும்பைக் காட்டிலும் அதுவும் பல மடங்கு விறைப்பானதே. விறைப்பு மிகுந்த தகடு நெடுங்காலம் பாரம் முழுவதையும் தானே சுமந்தால், கீழுள்ள எலும்பு வேலையின்றி மெலிவதும் உண்டு. பயன்படுத்தாத நிலம் தரிசாவதற்கு இதனை ஒப்பிடலாம்.

சோதனைச் சாலையில்

இவற்றையெல்லாம் மருத்துவர்கள் ஊகத்தால் கூறவில்லை. இறந்தோரின் எலும்புகளையும், விலங்கின் எலும்புகளையும், செயற்கையாகச் செய்த எலும்புகளையும் வெட்டித் தகடு பொருத்தி, இயந்திரத்தில் மாட்டிச் சோதிக்கின்றனர். இரு முனையையும் தாங்கி நடுவில் அழுத்துகின்றனர், முறுக்குகின்றனர், ஆயிரக்கணக்கான தடவை சிறு பாரத்தை ஏற்றி இறக்குகின்றனர். ஒரே முறை பெரும் பாரம் ஏற்றினால் ஒடியாத தகடும், சிறு பாரத்தைப் பல்லாயிரம் முறை ஏற்றினால் ஒடியலாம் என்பதை மூன்றாவது சோதனையே காட்டுகிறது. தொழிலாளியின் கை எதிர்கொள்ளும் பாரம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஒரு முறை வேலையில் ஆயிரம் தடவை ஒரே அசைவைச் செய்பவன் அவன்.

சோதனைச் சாலைக்கும் ஒரு வரம்பு உண்டு. அங்குள்ள எலும்பு ஒட்டுவதில்லை. உயிருள்ள கையில் நாளுக்கு நாள் எலும்பு கூடிவருகிறது. தகட்டின் சுமை நாளுக்கு நாள் குறைந்துவருகிறது.

எவ்வளவு அசைவு தகும்?

மாவில் ஒட்டுக் கட்டுவோர் அறிவார்கள்: ஒட்டிய இடம் ஆடினால் ஒட்டுப் பிடிக்காது. எலும்புக்கும் இது பொருந்தும். ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஸ்டீஃபன் பெரன் இதனை எண்ணால் விளக்கினார். முறிவின் இடைவெளி எவ்வளவு, அது அசைவில் எவ்வளவு நீள்கிறது என்னும் விகிதமே முக்கியம். அவ்விகிதம் நூற்றுக்கு 2-க்குள் இருந்தால் எலும்பே நேராக உருவாகலாம். 2 முதல் 10 வரையில் இருந்தால், முதலில் மெல்லிய திசு உண்டாகிப் பின்னர் எலும்பாக மாறும். மேலும் மிகுந்தால் எலும்பு உருவாகாது, நார்த்திசுவே நிற்கும்.

1 மில்லிமீட்டர் இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் அசைவு, நூற்றுக்கு 10 ஆகும். தலைமயிரின் பருமனை ஒத்த அசைவு எலும்பின் விதியைத் தீர்மானிக்கிறது! விரலை மெல்ல மடக்கி நீட்டும் அசைவை நல்ல தகடு தாங்கும். பாரமான பெட்டியைத் தூக்கும் விசையைத் தாங்கும் என்று அதனை நம்புதல் தவறு.

தகடும் ஒரு தவணைக் கடனே

அங்கத்தினர்களுக்குப் பழகிய சொல்லால் கூறினால், தகடு ஒரு குறுகிய காலக் கடன். எலும்பு தன் சொந்த வலிமையைத் திரும்பப் பெறும் வரை அது வலிமையைக் கடனாகத் தருகிறது. உள்ளங்கை எலும்பு பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் ஒட்டத் தொடங்கி உறுதிப்படுகிறது. கடுமையான வேலைக்கு அதனினும் மிகுந்த காலம் வேண்டும். அதற்குள் தகடு ஓய்ந்து ஒடிந்தாலும், திருகாணி தளர்ந்தாலும், கடன் திரும்புமுன் முதலே அழிந்ததாகும். எலும்பு ஒட்டுவதற்கும் தகடு ஓய்வதற்கும் இடையே நடப்பது ஓர் ஓட்டப் பந்தயம். அப்பந்தயத்தில் எலும்பை வெல்லச் செய்வது பெரும்பாலும் நோயாளியின் ஒழுங்கே.

இரு வகைப் பிழைகள் நேர்கின்றன. வலிக்கு அஞ்சி விரலை அசைக்காமலே வைத்திருப்பது ஒன்று. அதனால் தகடு வைத்ததன் பயனே வீணாகிறது. தகடு இருக்கிறதே என்னும் துணிவில் பாரம் தூக்குவது மற்றொன்று. மருத்துவர் காட்டிய பயிற்சியைச் சில நாட்களிலேயே தொடங்கி நாள்தோறும் செய்வதும், அவர் விடை கொடுக்கும் வரை பாரம் தூக்காதிருப்பதுமே நேர்வழி. பாவு மிக இறுகினாலும் இழை அறும். தளர்ந்தாலும் துணி கெடும். புகை பிடித்தல் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தகட்டினால் தொல்லை நேராது என்றும் கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் பேஜ், ஸ்டெர்ன் என்னும் இருவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தகடு வைத்த கை முறிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் விறைப்பு முதலிய ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்தது எனக் கண்டனர். ஆதலால் மெல்லிய கம்பி போதுமான இடத்தில் கம்பியையே மருத்துவர் விரும்புவர். மார்ட்டின் கிர்ஷ்னர் 1909-இல் அறிமுகப்படுத்திய அக்கம்பி, உறுதியில் தகட்டுக்குக் குறைந்தது, எனினும் திசுக்களைப் பெரிதும் அறுக்காமல் செலுத்தத் தக்கது, செலவும் குறைவு.

நம் நாட்டு அனுபவம்

கையின் இயக்கவியலுக்கும் தமிழகத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், முதலில் கட்டட வேலை பயின்று பின்னர் மருத்துவரானவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை, வேறிடத்து நாண்களை மாற்றிக் கட்டி இயங்கச் செய்தார். எந்த நாண் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தூரம் ஓடும் என்று அளந்து பார்த்தவர் அவர். 1985-இல் வெளிவந்த அவருடைய ‘கிளினிக்கல் மெக்கானிக்ஸ் ஆஃப் த ஹேண்ட்’ என்னும் நூல், உலகெங்கும் கை மருத்துவர்கள் பயிலும் நூலாயிற்று.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-இல் கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்று, பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமியின் உழைப்பால் வளர்ந்தது. தொழிற்கூடங்களில் கை நசுங்கி வந்த எளிய தொழிலாளர் பலருக்கு அது புகலிடமாக விளங்கிவருகிறது. மும்பையில் மருத்துவர் பி. பி. ஜோஷி, உடலுக்கு வெளியே மெல்லிய கம்பிகளும் தண்டுகளும் கொண்டு கை எலும்பை நிறுத்தும் முறையை மலிவான விலையில் அமைத்துத் தந்தார். காயம் அழுக்கடைந்து, தகடு வைக்க இயலாத கைகளுக்கு அது உதவுகிறது.

அங்கத்தினர் கவனத்திற்கு

கையில் அடிபட்டவுடன் மோதிரம், வளையல், கயிறு ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். வீக்கம் ஏறியபின் அவை விரலின் இரத்த ஓட்டத்தை நிறுத்தும். கையை மார்புக்கு மேலாக உயர்த்தி வைத்தல் நலம். கட்டியபின் விரல் நுனி நீலமாதலும், மரத்துப் போதலும், பொறுக்க இயலாத வலியும் கட்டு மிக இறுகியதற்கு அறிகுறிகள். உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். யார் கட்டுப் போட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அமைதல் ஆகாது. மெல்ல மடக்கும்போது ஒரு விரல் மற்றொன்றின்மேல் ஏறுகிறதா என்பதை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்பு கோணலாக ஒட்டியபின் திருத்துவது கடினம்.

தொழிற்கூடத்தில் விபத்து நேர்ந்தால் அதனை அன்றே பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். தொழிலாளர் அரசு காப்பீட்டுக்கு உட்பட்டவர்க்கு மருத்துவ உதவியும், வேலை செய்ய இயலாத நாட்களுக்குப் பணவுதவியும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளரும் அதற்கு விலக்கல்லர். தம் பெயர் பதிவாகி எண் வந்திருக்கிறதா என்பதை வேலையில் சேர்ந்த திங்களிலேயே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

முதியவரின் மனு

முன் சொன்ன இளைஞனுக்கு அந்தப் பதிவு நடைபெற்றிருக்கவில்லை. ஒப்பந்தக்காரர் இன்று நாளை என்று கடத்திவந்திருந்தார். பணவுதவி உடனே வருவதற்கு வழியில்லை. வீட்டில் இருப்பும் இல்லை. பதினைந்தாம் நாள் பெட்டி தூக்கப் போகலாம் என்று அவன் எண்ணியது, அறியாமையால் மட்டுமன்று. வாடகையும் அரிசியும் அவனை அங்கே தள்ளின.

நாம் அறிந்தவற்றை நிர்வாகக் குழுவின் முன் எடுத்துக் கூறினோம். குழுவினரில் இருவர், இது நூலுக்கோ தறிக்கோ உரிய கடன் அன்றே என்று தயங்கினர். குழித்தறியில் ஐம்பது ஆண்டு அமர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர், “கை இல்லாமல் தறி எதற்கு?” என்று கேட்டார். துணைவிதிகள் இடங்கொடுத்த அளவில், முதியவருடைய சிக்கனச் சேமிப்பின் ஈட்டின்மேல் முன்பணம் வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. தொகை பெரிதன்று, ஒரு குடும்பம் மூன்று திங்கள் உண்ணப் போதுமானது.

இளைஞன் காத்திருந்தான். நாள்தோறும் வெந்நீரில் கையை வைத்து, காட்டிய முறைப்படி விரல்களை மடக்கி நீட்டினான். இரண்டாம் திங்களில் தந்தைக்குத் தார் சுற்றிக் கொடுத்தான். சென்ற முறை நாம் கண்டபோது முழு வலிமையுடன் நம் கையைப் பற்றினான். மோதிர விரல் மட்டும் உள்ளங்கையைத் தொடுவதற்குச் சிறிது குறைகிறது. பழைய வேலை போய்விட்டது. ஒரகடத்தில் வேறொரு தொழிற்கூடத்தில் சேர்ந்திருக்கிறான். சேர்ந்த அன்றே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினானாம்.

முதியவர் முதல் தவணையைச் செலுத்த வந்திருந்தார். “ஐயா, தகடு வைத்தால் கை உறுதியாகிவிடும் என்றிருந்தேன். காத்திருந்ததுதான் உறுதியாக்கியது” என்றார்.

அவர் கூறியதே இக்கட்டுரையின் சாரம். தகடு எலும்புக்குச் சில வாரங்களை வாங்கித் தருகிறது. அந்த வாரங்களைப் பட்டினியின்றிக் கழிக்க வகை இல்லாத வீட்டில் எவ்வளவு சிறந்த தகடும் பயன் தராது. ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதிகளை ஒரு முறை எடுத்துப் பார்த்து, அங்கத்தினர் குடும்பத்தில் கைக்கு ஊறு நேர்ந்தால் எவ்வகையில் உதவ இயலும் என்பதை முன்னதாகவே தீர்மானித்து வைக்குமாயின் நன்று. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் தருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.